சக்கரம் சுழலாமல் மதுரை வந்த கார்

ஓடுகிற வண்டியைக் கொண்டுவர உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஓடாதது, ஓடக் கூடாதது, ஓடி ஆளைக் கொன்றது, இவைதான் உங்கள் கைக்கு வரும். புதிதாக இந்த வேலைக்குச் சேர்ந்த தம்பிகள் நாலு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். "எந்தக் கொக்கிய எங்க மாட்டுறது, அதச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டீர்கள். கொக்கி மாட்ட நாலே நாளில் பழகிவிடலாம், அதற்கு நான் வேண்டாம். எப்போது கொக்கியைக் கீழே வைத்துவிட்டு 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்பதை வேண்டுமானால் சொல்கிறேன். என்னை வம்புக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதலில் கயிறு. ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால், இழுபடும் வண்டியிலும் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். ஸ்டீரிங் திரும்ப வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். முன்னால் போவது நின்றால் பின்னால் வருவதும் நிற்க வேண்டும் அல்லவா? பிரேக் இல்லாததைக் கயிற்றில் கட்டக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். நாங்கள் செய்தது வேறு. கயிற்றைக் கட்டுவோம், உள்ளே ஒருத்தனை உட்கார வைப்போம், "பாத்து வாடா" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போவோம். அந்தப் 'பாத்து வாடா'தான் எங்கள் பிரேக். நானும் அப்படித்தான் இருந்தேன், கப்பலூர் காரியம் வரைக்கும்.

யுத்த காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன். பாதி வண்டிகள் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடுவதற்காக முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. உதிரிச் சாமான் கப்பலில் வர வேண்டும், கப்பலோ வரவில்லை. ஆணி போன இடத்தில் கம்பியும், கம்பி போன இடத்தில் கயிறுமாக வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஆரப்பாளையத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் பிட்டர். வழியில் விழுந்த வண்டிகளைத் தூக்கிவருவதும் என் பாடுதான்.

ஐப்பசி மாதம். எருமைகளைப் பத்திக்கொண்டு ரோட்டைக் கடந்த, விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியை, கப்பலூர்க் கண்மாய்க் கரை வளைவில் ஒரு கார் அடித்துவிட்டது. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். கார் கரையின் உள்பக்கமாகச் சரிந்து இறங்கி, சேற்றில் நின்றது. ஓட்டியவன் பெயர் வெள்ளைச்சாமி. அவனைத் திருமங்கலம் சப் ஜெயிலில் வைத்திருந்தார்கள். 'பிரேக் பிடிக்கவில்லை, மூன்று மாதமாக முதலாளியிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்' என்பது அவன் கட்சி. 'பிரேக் நன்றாகத்தான் இருந்தது, இவன்தான் கண்மண் தெரியாமல் ஓட்டினான்' என்பது காருக்குச் சொந்தக்காரரான அரிசி ஆலை முதலாளியின் கட்சி. முதலாளி சொன்னது நின்றுவிட்டால் வெள்ளைச்சாமிக்கு ஜெயில் நிச்சயம்.

வண்டிகளைச் சோதித்து, ஓடலாமா கூடாதா என்று சொல்ல பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஓர் அதிகாரி உண்டு. அவர் கேம்ப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் திரும்புவார். கண்மாயிலோ தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே காரை இருந்தது இருந்தபடி மதுரைக்குக் கொண்டுவந்து போலீஸ் மைதானத்தில் நிறுத்த வேண்டும் என்று எங்கள் ஒர்க்ஷாப்புக்குக் காகிதம் வந்தது. சனிக்கிழமை காலையில் சங்கிலிக் கப்பி, தூக்குக் கம்பங்களோடு எங்கள் லாரியில் நான் போய் இறங்கினேன்.

காருக்குக் காவல் என்று போட்டிருந்த தலையாரி மரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். உண்மையான காவல் வேறு ஆள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, காருக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு கல்லின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச்சாமியின் பெண்சாதி, பேச்சி.

"யாரு நீங்க?" என்றாள், எழுந்திருக்காமலே.

"காரைத் தூக்க வந்த பிட்டரும்மா."

"தூக்குங்க. ஆனா ஒண்ணத்தயும் தொடக் கூடாது. 'கார எவனும் தொடாமப் பாத்துக்க'ன்னு அவுக ஜெயிலுக்குள்ள இருந்து சொல்லி விட்டிருக்காக. ரெண்டு நாளா ஒருத்தனயும் அண்டவிடல."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன். சங்கிலியை எங்கே விடலாம் என்று பார்க்கத்தான் போனேன். அங்கே முன் சக்கரத்துக்குப் போகிற பிரேக் ராடு ஒரு முனை கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருக்க வேண்டிய ஆணி இல்லை. ஆணிக்குப் பதிலாகப் பஞ்சுப் பொதி கட்டுகிற கம்பியால் யாரோ கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பி அறுந்து, பாதி துளையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். வக்கீல் செய்ய மாட்டான், போலீஸ் செய்ய மாட்டான், திருடன்கூடச் செய்ய மாட்டான். பிட்டர் செய்வான். தொங்குகிற ராடைக் கண்டால் பிட்டர் கை சும்மா இராது. அறுந்த கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். இடுப்பில் இருந்த புதுக் கம்பியை எடுத்து, ராடைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, குறடால் நாலு முறுக்கு முறுக்கி இறுக்கினேன். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. கை வேலையை முடித்த பிறகுதான் புத்தி வந்து சேர்ந்தது.

வெளியே வந்தபோது ஆலை முதலாளியின் காரியஸ்தர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். குனிந்து அடியில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பலே பிட்டரே! ராடு கச்சிதமா நிக்கிதே. இதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"தெரியாமக் கட்டிட்டேன்."

"தெரிஞ்சு கட்டுனா என்ன, தெரியாமக் கட்டுனா என்ன? பிரேக் இல்லாத காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குல்ல? அப்ப மிச்சத்தயும் சரி பண்ணிரும். பண்ணிட்டு, கயிறக் கட்டி, சட்டப்படி மதுரைக்குக் கொண்டுபோயிரும். உம்ம மேல எவனும் ஒரு குத்தம் சொல்ல முடியாது." குரலைத் தாழ்த்தினார். "முதலாளியோட லாரி அஞ்சும் உங்க ஒர்க்ஷாப்புக்குத்தான் வருது. நினைப்புல இருக்கட்டும்."

சட்டத்தை வைத்தே சட்டத்தின் கழுத்தை அறுக்கிற ஆட்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. காரை இழுக்க வேண்டுமானால் பிரேக் வேண்டும். பிரேக் போட்டுவிட்டால் வெள்ளைச்சாமி பொய்யன். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பாதி வேலை ஏற்கனவே முடிந்திருந்தது.

பேச்சியிடம் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை. பையிலிருந்த அறுந்த கம்பியை எடுத்துக் காட்டி, "இத நான் உருவிட்டேன், புதுசு கட்டிட்டேன்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாயக்கூட அண்டவிடலயே. உங்களப் பிட்டருன்னு நம்பில்ல விட்டேன்" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, பழசயே மறுபடி மாட்டி, முன்ன மாதிரியே தொங்கவிட்டுருங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

தம்பிகளே, எனக்கும் அந்த எண்ணம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் செய்ததை மறைக்க இன்னொன்று செய்தால், அப்புறம் அந்தக் காரில் எதைக் காட்டினாலும் எவனும் நம்ப மாட்டான். தலையாரி பார்த்தார், காரியஸ்தர் பார்த்தார், நாளைக்கு அவர்களே வந்து 'கம்பியைக் கழற்றி நாடகம் ஆடினார்கள்' என்று சொல்லுவார்கள். "மாட்டேன்" என்றேன் அவளிடம். "கட்டுனது நான்தான்னு இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்றேன். இனிமே இந்தக் காருல ஒரு ஆணிகூட அசையாது." அவள் என்னை நம்பவில்லை. எதை வைத்து நம்புவாள்?

காரியஸ்தரிடம் திரும்பி, "கயிறு கட்ட மாட்டேன்" என்றேன்.

"அப்ப எப்படிக் கொண்டுபோவீரு? தலையில தூக்கிக்கிட்டா?"

கேலிதான். ஆனால் அந்தக் கேலிதான் வழியைக் காட்டியது. எங்கள் லாரியில் பாதி இடத்தைக் கரி அடுப்பு அடைத்துக்கொண்டிருந்தது, காரை அதில் ஏற்ற முடியாது. முன்பக்கத்தை மட்டும் லாரியில் தூக்கிக் கட்டினால் பின் சக்கரம் ரோட்டில் உருளும், உருண்டால் பிரேக் டிரம்முக்குள் இருப்பது உரசி மாறும். ரயில் வேகன் கேட்டால் யுத்தச் சாமான் போன பிறகுதான் கிடைக்கும். திருமங்கலத்து மரக்கடையில் காதர் மைதீன் பாய் என்று ஒருவர் அடிமரம் ஏற்றும் வண்டி வைத்திருந்தார். பெரிய மரம் என்றால் முன்னால் ஒரு ஜோடிச் சக்கரம், பின்னால் ஒரு ஜோடிச் சக்கரம், நடுவில் மரமே பாலம். மரத்துக்குப் பதில் கார். லாரியை அனுப்பி அவரை வரச் சொன்னேன்.

பாய் மத்தியானம் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "மாப்ள, எம் மாட்டுக்கு மரமும் ஒண்ணு, மோட்டாரும் ஒண்ணு. கனம் தெரியும், கவுரவம் தெரியாது. தூக்கு" என்றார்.

தூக்கினோம். சேற்றில் கம்பம் இரண்டு தடவை வழுக்கியது, சங்கிலி ஒரு தடவை நழுவியது, எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு நீளத் தேக்கு உத்திரங்களை அடியில் கொடுத்து, காரின் அச்சுகளை அவற்றின்மேல் உட்கார வைத்து, அசையாமல் கட்டினோம். நாலு சக்கரமும் தரையை விட்டு ஒரு முழம் மேலே நின்றன. அவற்றையும் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுச் சுழலாமல் கட்டினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி கரைமேல் வந்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் சிவப்புத் துணி, முன்னால் இரண்டு ஜோடி மாடு. பேச்சி வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். ஏறி உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. "ஏறிட்டா பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாமப் போயிரும்" என்றாள். இப்போது திருநகர் இருக்கிற இடமெல்லாம் அன்று பொட்டல். ஆடு மேய்க்கிறவர்கள் ஓடி வந்து, கார் மாட்டுவண்டியில் போகிற அதிசயத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் ஒரு ஏட்டையா சைக்கிளில் வந்து மறித்தார். காரியஸ்தர் முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தார்.

"பிரேக் இல்லாத மோட்டார ரோட்டுல கொண்டுபோறியாமே?"

"ரோட்டுலயா ஏட்டையா? இதுல எந்தச் சக்கரம் ரோட்டுல படுதுன்னு காட்டுங்க. இறக்கி வச்சிர்றேன்."

அவர் இறங்கினார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்தார்.

"தரையில உருண்டாத்தான் ஏட்டையா அது மோட்டார் வண்டி. தூக்கி வச்சிட்டா அது சரக்கு. தேக்கு மரத்துக்கு எவனாவது பிரேக் கேப்பானா?"

"வாய் இருக்கு உனக்கு" என்றார். நான் கொடுத்த காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இருந்தபடியேன்னுதான் போட்டிருக்கு. சரி, போ. மாட்ட அடிக்காம ஓட்டு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். பேச்சி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் காருக்கு அடியில் குனிவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். "முன் ராடுல இருக்கிற புதுக் கம்பி நான் கட்டுனதுங்க. இதுதான் அங்க இருந்தது" என்று அறுந்த கம்பியை நீட்டினேன். காரியஸ்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கட்டாம இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம்" என்றார்.

"ஆமாங்க."

"சட்டைப் பையிலேர்ந்து எடுத்த கம்பிய யார் நம்புவா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. மத்தபடி அந்தக் காருல எதையும் யாரும் தொடல. கண்மாய்ல நின்ன சக்கரம் இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தல."

அவர் வேலையைத் தொடங்கினார். நாலு டிரம்மையும் எங்கள் முன்னாலேயே கழற்றச் சொன்னார். மூன்றில் பிரேக் கட்டையின் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கிற ரிவிட்டு தெரிந்தது. நாலாவதில் எண்ணெய் ஊறிக் கிடந்தது. ஆணி இருந்திருக்க வேண்டிய துளையில் கம்பி உரசிய பள்ளம் ஒன்று இருந்தது. ஒரு நாளில் விழுகிற பள்ளம் அல்ல அது. கண்ணாடி வைத்துப் பார்த்தார், என் கையில் இருந்த கம்பியை வாங்கி அதில் வைத்துப் பார்த்தார், எழுதிக்கொண்டார். என் பெயரையும், நான் செய்ததையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆலை முதலாளி தரப்பு வக்கீல் அந்தக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டார். தடயத்தைக் கலைத்தவன் நான், தொழில் தெரியாதவன் நான், டிரைவருக்கு வேண்டியவன் நான். ஒர்க்ஷாப்பே பார்க்கும்படி என் மானத்தை வாங்கினார். எங்கள் ஒர்க்ஷாப் முதலாளி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கம்பி காரில் இருந்தது என்று நீ சொல்வது பொய் இல்லை என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டார் வக்கீல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லணும்னா, எம் மேல குத்தம் வராத பொய்யாச் சொல்லியிருப்பேனுங்களே" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை எடுத்தார். வெள்ளைச்சாமிக்கு ஜெயில் இல்லை என்று தீர்ப்பாயிற்று. பிரேக் இல்லை என்று தெரிந்தும் ஓட்டியதற்கு அவனுக்கு அபராதம், தெரிந்தும் ரோட்டில் விட்டதற்கு ஆலை முதலாளிக்கும் அபராதம். ஆலையின் ஐந்து லாரிகளும் மறுநாளே வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டன.

நான் ஜெயித்த தெம்பில் இருந்தேன். காது கொடுத்தவர்களுக்கெல்லாம் ஏட்டையா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து நாள் கழித்து வெள்ளைச்சாமி ஒர்க்ஷாப்புக்கு வந்தான். கும்பிடு போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "அண்ணே, செத்துப்போன ஆளு வீட்டுக்குப் போகணும். தனியாப் போகத் தைரியம் இல்ல. கூட வாரீகளா?" என்றான்.

அதுவரை எனக்கு அந்த ஆளின் நினைப்பே வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காரைப் பற்றி நினைத்தேன், கம்பியைப் பற்றி நினைத்தேன், என் பேரைப் பற்றி நினைத்தேன். எருமை பத்திக்கொண்டு போனவரைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை.

கப்பலூருக்கு நடந்தே போனோம். வீட்டு வாசலில் அந்த அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களை யார் என்று சொன்னோம். துரத்தவில்லை, திட்டவுமில்லை. தொட்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கோர்ட்டுல சொன்னாக. பிரேக்கு பிடிக்காதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமாம்ல?" என்று வெள்ளைச்சாமியைக் கேட்டார்.

"தெரியும்த்தா. மூணு மாசமாச் சொன்னேன். கேக்கல."

"அவுக கேக்கல, சரி. நீ ஏன்யா ஏறுன?"

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தான். வேலை போய்விடும் என்று பயந்துதான் ஏறினான், அதை அந்த வாசலில் நின்று சொல்ல முடியுமா? அந்த அம்மா என்னைப் பார்த்தார். 'பாத்து வாடா' என்று சொல்லி நான் இழுத்துவந்த வண்டிகள் எத்தனை என்று எனக்குத்தானே தெரியும்? ஆள் சாகாதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. எங்களுக்குக் குறுக்கே எருமை வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் முதலாளி கூப்பிட்டார். ஐந்து லாரி போன கடுப்பில் இருந்தார். "செக்கானூரணியில ஒரு பஸ் நிக்கிது. பிரேக் சுத்தமா இல்லயாம். கயிறக் கட்டிக் கொண்டா. கொஞ்ச தூரம்தான், மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாது."

"மாட்டேன்" என்றேன்.

"உன்னால போன லாரி பத்தாதா? ஏன் மாட்ட? காரணத்தச் சொல்லு."

"கப்பலூர்ல ஒரு அம்மா இருக்காக முதலாளி. நீங்களே ஒரு எட்டு போயி அவுகளக் கேட்டுட்டு வாங்க. அவுக கட்டச் சொன்னா நான் கட்டுறேன்."